மாடி அறைப் புகையும் கோயில் கரியும்

மகனே, உன்னிடம் சொல்ல வேண்டியவை ஆறு. எழுதும்போது எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

1. மாடி அறையில் நான் கண்டது.
2. ‘வெறும் ப்ளேவர்தான், தண்ணி வடிகட்டிடும்’ என்று நீ சொன்னதற்கு என் பதில்.
3. நீங்கள் எடுத்துப் போட்ட காணொளிகள்.
4. கோயில் கரியும், அதனால் அருளப்பன் இழந்ததும். இதில் என் பங்கும் உண்டு.
5. அருளப்பனைப் போய்ப் பார்க்கும் துணிவில்லாமல் நீ ஊரைவிட்டுப் போனது.
6. உன் அம்மா எழுதச் சொன்னது.

நீ புனேவுக்கு ரயிலேறிப் பதினாறு நாள் ஆகிறது. தினமும் போன் செய்கிறாய். நானும் எடுக்கிறேன். சாப்பிட்டாயா, மழை உண்டா, மேனேஜர் எப்படி என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். பேச்சில் எனக்கு எப்போதும் இவ்வளவுதான் வரும். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தபோதும் அப்படித்தான். ஒரு பெட்டிச் சாமான் பழுது என்றால் லைன் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்ல மாட்டேன். சிவப்பு அட்டையில் எழுதிப் பெட்டியில் கட்டிவிட்டு வந்துவிடுவேன். அவர் கத்திக்கொண்டு வருவதற்குள் கேன்டீனுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் எழுதுகிற கடிதம் இது. எழுத்தில் நான் கொஞ்சம் தைரியசாலிபோல் தெரிந்தால் அதை நம்பிவிடாதே.

மாடி அறையை முதலில் சொல்கிறேன். போன் கம்பெனியில் வேலை பார்த்த தெற்கத்திப் பையன்கள் இருவர் காலி செய்துவிட்டுப் போன பிறகு, உன் கடைசி வருஷப் பிராஜெக்டுக்கு அந்த அறை வேண்டும் என்று கேட்டாய். சாவியைக் கொடுத்தேன். அன்று முதல் சாயங்காலம் ஆனால் நம் கேட்டுக்கு வெளியே நான்கு பைக்குகள் நிற்கும். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னைத் தேடி இந்த வீட்டுக்கு ஒரு நண்பரும் வந்ததில்லை. உன்னைத் தேடி நான்கு பேர் வருகிறார்களே என்று நினைத்தேன். ஒரு நாள் உன் அம்மா படிக்கட்டின் கீழே நின்று மூக்கை உறிஞ்சினாள். “வூட்ல ஆப்பிளே இல்ல. வாசன மட்டும் எங்கேர்ந்து வருது?” என்றாள். ரூம் ஸ்ப்ரே என்று நீ மேலிருந்து சொன்னாய். நான் அவளுக்கு விளக்கம்கூடக் கொடுத்தேன். பழ வாசனை எல்லாம் எஸ்டர் என்ற சேர்மங்கள், செயற்கையாகச் செய்ய முடியும், கல்லூரியில் நானே செய்திருக்கிறேன் என்றேன். வேதியியலில் பட்டம் வாங்கியவன் அந்தப் பதினான்கு படிகளை ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் ஏறினேன். அன்று காலை உன் அம்மா தன் போனில் ஒரு காணொளியைக் காட்டினாள். அது மூன்றாவது குறிப்பு. நீ கல்லூரிக்குப் போயிருந்தாய். மாற்றுச் சாவியால் திறந்தேன். சன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நான் ஓய்வுபெற்றபோது வாங்கி வந்த என் மேசையின் நடுவில் ஹூக்காவின் கண்ணாடிக் குடுவை இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெற்றிலைச் சாறு துப்பிய படிக்கத்தைப் பல நாள் கழுவாமல் விட்டால் அடியில் நிற்குமே, அந்த நிறம். மேலே எண்ணெய்ப் படலம். பழக்கம் விடாமல் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஓடிப்போய் குழாயடியில் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தபோது மற்றவை கண்ணில் பட்டன. மேசை முழுக்க ஒட்டும் பாகு, அதில் செத்த எறும்புகள். ஊசியால் துளையிட்ட அலுமினியத் தாள்கள். சன்னல் கட்டையில் சாம்பல். தரையில் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. உன் அம்மா மாட்டியிருந்த இருதய ஆண்டவர் படம் ஆணியில் இல்லை, அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அந்த அளவுக்காவது வெட்கம் இருந்திருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். படம் இருந்த சுவருக்கு எதிரே வட்ட விளக்கும் போன் தாங்கியும் நின்றன. அதைப் பார்த்ததும், வீடியோவில் பின்னணி சரிவராது என்று கழற்றியிருப்பீர்கள் என்று தோன்றியது.

குடுவையில் ஒரே ஒரு குழாய். அதன் முனையில் ஒரே ஒரு வாய்ப்பகுதி. நீங்கள் ஐந்து பேர். இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. நீ நாலு வயதிலேயே தண்ணீரை அண்ணாந்து குடிக்கக் கற்றவன். அம்மா டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டால் அந்த டம்ளரை மூன்று முறை கழுவச் சொல்வாய். கல்யாண வீட்டில் ஒருவர் கடித்த லட்டை உனக்கு ஊட்ட வந்தபோது பந்தியை விட்டு எழுந்து போனாய். எச்சில் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதில் பாதி சாதிதான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுளிப்பை நான் பேசவில்லை. ஐந்து பேருடைய எச்சில் ஊறிய ஒரு ரப்பர் துண்டை, துடைக்கக்கூடச் செய்யாமல், சிரித்துக்கொண்டு கைமாற்றி வாங்கி வாயில் வைக்கிறாய். உனக்கு அருவருப்பு என்ற உணர்ச்சி இருந்ததே, அதை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்கிறேன்.

இரண்டாவது. இதில் நான் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும், பாடம் தெரியும் என்பதால். நம் மாநிலத்தில் ஹூக்கா கூடங்களுக்குத் தடை வந்த பிறகு அது வீட்டு மாடிகளுக்கு வந்துவிட்டது என்றும், இன்ஸ்டாகிராமில் கேட்டால் குடுவையைப் பைக்கில் கொண்டுவந்து கொடுத்து மறுநாள் எடுத்துப் போவார்கள் என்றும் நீயே சொன்னாய். சிகரெட் மாதிரி இல்லைப்பா, தண்ணீர் வடிகட்டிவிடும் என்றாய். தண்ணீர் சூட்டைத் தணிக்கும். தொண்டை எரியாது. எரியாததால் இன்னும் ஆழமாக இழுப்பாய். நீங்கள் புகைப்பது புகையிலை இல்லாத வாசனைப் பாகு என்றே வைத்துக்கொள்வோம். மேலே எரிவது கரி. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை, தண்ணீரில் நிற்காது. எங்கள் தொழிற்சாலையில் இரும்பைச் சூட்டில் பதப்படுத்தும் உலைக்கூடத்தில் அதற்கென்றே மணி வைத்திருந்தோம். மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். நீங்கள் சன்னலுக்குப் பேப்பர் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தலை சுற்றும் கிறக்கத்தை ‘பஸ்’ (buzz) என்கிறீர்கள். அது மூளைக்குப் பிராணவாயு போதாமல் வருகிற மயக்கம்.

உன் அம்மா இப்போது பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிறாள். ஆறாவதை இங்கேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் போக மாட்டாள். “அங்க போயும் அத்தத் தொட்டான்னா வூட்டுப் பக்கமே வராதன்னு எழுதுங்க,” என்றாள். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். “வாணாம், அத அடிச்சிடுங்க. சாப்புட்டானான்னு மட்டும் கேளுங்க,” என்றாள். நான் அடிக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்.

மூன்றாவது. உன் அம்மா காட்டிய அந்த ஒன்றைப் பார்த்த பிறகு உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு நோட்டில் எண் போட்டுக்கொண்டு பார்த்தேன். முப்பத்து நான்கு. ஒன்றில் நீ இழுத்துவிட்டு இருமுகிறாய், கண்ணில் நீர் வழிகிறது. ‘வெளிச்சத்துல புகை தெரியல மச்சி, இன்னொரு வாட்டி’ என்று ஒரு குரல் கேட்கிறது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுக்கிறாய். இன்பத்துக்காக இழுக்கிறாய் என்றால்கூட எனக்கு ஓரளவு புரிந்திருக்கும், மனிதர்கள் இன்பத்துக்காகப் பல அசிங்கங்களைச் செய்வார்கள். நீ படத்தில் புகை தெரிவதற்காக இழுத்தாய். இன்னொன்றில் முதல் வருஷ மாணவன் ஒருவன், மீசைகூடச் சரியாக வராதவன், சுவரில் சாய்ந்து வாந்தியெடுக்கிறான். நீங்கள் அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். ஒருவரும் அவன் தலையைப் பிடிக்கவில்லை. நான்கு கைகளிலும் போன் இருந்தது. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளிடமும் ஒரு போன் இருக்கும் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? கீழே கருத்துகளில் ‘தல, ஹூக்கா பாட் எங்க கிடைக்கும்’ என்று ஒரு பையன் கேட்கிறான். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் இருக்கிறான். தனிச் செய்தி அனுப்பச் சொல்லி, ‘டிஎம் பண்ணு’ என்று நீ பதில் போட்டிருக்கிறாய். நீ புகைத்ததை நான் ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். அந்த இரண்டு வார்த்தைகளை மறக்க முடியும் என்று தோன்றவில்லை.

இப்போது அம்மா காட்டிய காணொளி. நீ ஒரு வட்டக் கரித்துண்டை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியால் பற்றவைக்கிறாய். அது பொரிந்துகொண்டு பற்றுகிறது. காமிராவைப் பார்த்து, “இது சாதாக் கரி இல்ல மச்சான், பாதர் கரி. பிளெஸ்ஸிங்கோட எரியும்,” என்கிறாய். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். மேசையில் கரி இருந்த தாள் சுருள் கிடக்கிறது. அதன் மேல் நீல மையில் ஒரு தேதி, அதன் கீழே என் கையெழுத்தின் முதலெழுத்து. உன் அம்மா அந்தக் கேலியைக் கேட்டு அழுதாள். நான் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவதுக்கு வந்துவிட்டேன். இதை உனக்குத் தெரியாதது போலவே முழுதாக எழுதுகிறேன். பூசையில் தூபம் போடுவதற்கு இந்த வட்டக் கரியைத்தான் நம் கோயிலில் பயன்படுத்துகிறோம். பத்துத் துண்டுகள் ஒரு சுருள். வெடியுப்பு கலந்திருப்பதால் தீக்குச்சியிலேயே பற்றும், அடுப்பு வேண்டாம். உங்களுக்கும் அதனால்தான் வசதியாக இருந்திருக்கும். மாடியில் அடுப்பு இல்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் பொருள்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. கோயில் அறை மழையில் ஓதம் காக்கும், கரி நமத்துப் போகும் என்று பெட்டியை நம் வீட்டுப் படிக்கட்டின் கீழே வைத்தேன். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது தொழிற்சாலைப் பழக்கம், அதனால் ஒவ்வொரு சுருளிலும் தேதி எழுதினேன். சனிக்கிழமைதோறும் கோயில்பிள்ளை அருளப்பன் வந்து ஒரு சுருள் வாங்கிப் போவார். மணி அடிப்பது, பீடம் துடைப்பது, தூபத்துக்கு நெருப்பு போடுவது எல்லாம் அவர்தான். கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் மனைவியோடு பத்தொன்பது வருஷம் இருந்தார்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன் எண்ணிக்கை குறைந்தது. ஒரு மாதம் இரண்டு சுருள், மறுமாதம் மூன்று. தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்டு எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதே முறையில் உட்கார்ந்தேன். கரி ஏன் குறைகிறது, யாரோ எடுப்பதால். யார் எடுக்க முடியும், பெட்டி இருக்கும் இடத்துக்கு வரக்கூடியவர். அப்படி யார் யார் என்று பட்டியல் போட்டேன். நான், உன் அம்மா, அருளப்பன். மூன்று பெயர்கள். அந்தப் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்குகிற நான்காவது ஆளின் பெயரை நான் எழுதவே இல்லை. எழுதி அடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது என் பேனாவுக்கே வரவில்லை. மிச்சமிருந்த ஏன்களை அருளப்பனை வைத்து நிரப்பினேன். அவர் மச்சான் வெள்ளிக்கிழமைகளில் ஹைவே ஓரக் கடைகளுக்குச் சாம்பிராணிப் புகை போடுகிறவர். அவருக்குக் கொடுத்திருப்பார் என்று முடித்தேன். கடைக்குப் புகை போடுகிறவர்கள் தேங்காய்த்தொட்டிக் கரிதான் வைத்திருப்பார்கள் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை தெருவில் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பரிசோதகன் பொருளைப் பார்க்காமல் அறிக்கை எழுதினேன்.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின பேரவைக் கூட்டத்தில் அதை வாசித்தேன். நான்கு குறிப்புகள், ஒன்றரைப் பக்கம். என் குரல் நடுங்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர், “மச்சானுக்குக் கோயில் கரி, நமக்கு மட்டும் மழைல நமத்த கரியா?” என்றார். பலர் சிரித்தார்கள். அருளப்பன் கதவருகே நின்றிருந்தார். பங்குச் சாமியாரைப் பார்த்து, “சார் எழுதினா சரியா தான் இருக்கும்னு எல்லாரும் நெனப்பாங்க. நானே அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். ஆனா நான் எடுக்கல சாமி,” என்றார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன் வரும் அட்வென்ட் முதல் ஞாயிறுக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரகடம் பக்கம் ஓர் ஒற்றை அறைக்குப் போய்விட்டார். அவர் பீரோவை லோடு வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை என்று நான்தான் உன்னை அனுப்பினேன். நீ ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாய். சன்னலில் நின்று பார்த்தேன். பிள்ளைக்கு நல்ல மனசு என்று நினைத்தேன். நீ அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உன் பெயர் ஏன் என் பேனாவுக்கு வரவில்லை என்று இந்த மாதங்களில் யோசித்துப் பார்த்தேன். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளி ஆய்வகத்தில் பித்தளை எடைக்கற்கள் பெட்டி காணாமல் போனது. ஆசிரியர் என்னை வரச் சொன்னார். “என் மகன் அப்படிச் செய்ய மாட்டான்” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவ்வளவு தெளிவாக அதற்கு முன் நான் யாரிடமும் பேசியதில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பெட்டி உன் பள்ளிப் பையின் அடியில் இருந்தது. நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வக வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நீ பையில் தேடினாய், காணவில்லை, நீயும் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒரு தப்பு நடந்தால் ஓசையில்லாமல் அதை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நாம் இரண்டு பேரும் அன்று கற்றுக்கொண்டோம். கற்றுக்கொடுத்தவன் நான்.

காணொளியைப் பார்த்த பிறகும் பதினொரு வாரம் உன்னிடம் பேசவில்லை. பரீட்சை முடியட்டும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நீ கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால்தான் கேட்டேன். நீ போனை விட்டுத் தலை நிமிரவில்லை. “எத்தன ரோலுப்பா? வாங்கி வச்சிடறேன்,” என்றாய். அருளப்பன் என்று நான் தொடங்கியதும், “அவர் பேர நானா சொன்னேன்? நீங்கதான பேப்பர்ல எழுதி எடுத்துக்கினு போனீங்க,” என்றாய். புகையைவிட, அந்தக் குடுவைத் தண்ணீரைவிட, அந்தப் பதில்தான் எனக்கு நாற்றமடித்தது. ஊருக்குப் போவதற்குள் அவரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொல் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாய். ஐந்தாம் நாள் ரயிலேறிவிட்டாய். ஐந்தாவது குறிப்பில் எழுத நினைத்தது இதைத்தான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன்னால் புகை விடத் துணிந்த நீ, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு மனிதருக்கு முன்னால் நிற்கத் துணியவில்லை. புகை விடுவதற்குத் துணிவு தேவையில்லை, அதனால் உனக்குத் துணிவே கிடையாது என்று முடிக்க இருந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நான்கு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தபாலில் போடும்முன் அருளப்பனை நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உன் சார்பில் மன்னிப்பு கேட்பது என் எண்ணம். நேற்று ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி ஒரகடம் போனேன். ஒரு தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார். மத்தியான ஷிப்ட் மாறும் நேரம், கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அவருக்கு இரண்டு சுற்று பெரிதான நீலச் சட்டையில், அடையாள அட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. “இன்னா சார், வெயில்ல வந்துகீறீங்க. நெழல்ல குந்துங்க, ஆள மாத்திவுட்டு வரேன்,” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். கரியை எடுத்தது என் மகன், அவன் வந்து சொல்லியிருக்க வேண்டும், அவனுக்குத் தைரியம் இல்லை, அவனுக்காக நான் மன்னிப்பு கேட்கிறேன் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்த பிறகு, “உங்க புள்ள வந்துச்சி சார்,” என்றார். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தாயாம். ஷிப்ட் முடிகிறவரை அதே கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றாயாம். எத்தனை சுருள், எந்த மாதம், பீரோ தூக்கிய அன்று வாய் வரை வந்து சொல்லாமல் விட்டது, எல்லாம் சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், டிக்கெட்டை மாற்றிக்கொள்கிறேன் என்றாயாம்.

“நாந்தான் வாணாம்னேன்,” என்றார் அருளப்பன். “நீ எடுத்தது கரி. அத சொல்லிட்ட, போய் வேலயப் பாருன்னேன். எம்பேர எடுத்தது உங்கப்பா. அத அவருதான் கொண்டாந்து வெக்கணும்னேன்.”

என்னிடம் ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அதுவும் நாந்தான் சொல்ல வாணாம்னேன். சொன்னா நீங்க வருவீங்க. சொல்லாமயே வரீங்களான்னு பாக்கணும்ல?”

நான் எழுந்து நின்று அவரிடம் என் பங்குக்கு மன்னிப்பு கேட்டேன். எப்படிக் கேட்டேன், என்ன சொற்கள் என்று நினைவில்லை. அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆனால் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “இங்க சொல்லி இன்னா சார் ஆவப்போது? இங்க யாரும் என்னத் திருடன்னு சொல்லல. அங்க படிச்சீங்க, அங்க படிங்க,” என்றார். திரும்பி வருவீர்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் கேட்காமல் விட்டேன். அடுத்த கம்பெனி பஸ் வந்தது, அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

அதனால் உனக்கு மட்டும் எழுதத் தொடங்கிய இந்தக் கடிதம் இனி உனக்கு மட்டுமானது அல்ல. பங்குச் சாமியாரிடம் காலையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அடுத்த மாதப் பங்கு மடலில் முழுதாக அச்சிடச் சம்மதித்தார். வரும் ஞாயிறு பேரவைக் கூட்டத்தில் நான்காவது குறிப்பை நானே வாசிக்கிறேன். உன் பெயர் இதில் எங்கும் இல்லை, ஆனால் எனக்கு ஒரே மகன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நீயே எல்லோர் முன்னாலும் சொல்லத் தயாராக இருந்தாய் என்பதால் உன் சம்மதம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் சனிக்கிழமைக்குள் சொல். அப்போதும் என் பெயரையும் அருளப்பன் பெயரையும் மட்டுமாவது சொல்லி வாசிப்பேன். போன தடவை குரல் தானாக வந்தது. இந்தத் தடவை வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் தாளைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன், கேன்டீனுக்குப் போக மாட்டேன்.

முதல் மூன்று குறிப்புகளில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. அருளப்பனிடம் நீ போனதால் அந்தக் குடுவைத் தண்ணீர் சுத்தமாகிவிடாது. வாந்தியெடுத்தவனின் காணொளி நேற்று இரவுவரை அங்கேயே இருந்தது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சீருடைப் பையனுக்கு நீ போட்ட பதிலும் இருக்கிறது. அவை இருக்கும்வரை உன்னை நினைக்கும்போது எனக்குக் குமட்டும். அதை மறைத்து எழுதினால் பழையபடி ஆய்வக வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வருவதுபோல் ஆகிவிடும்.

முதல் பக்கத்தை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அது அப்படியே அச்சாகட்டும். ஐந்தாவது குறிப்பு தவறு. நீ அவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினாய். காணொளியைப் பார்த்த நாளிலிருந்து நேற்று வரை அவரைப் போய்ப் பார்க்காமல் இருந்தவன் நான்.

அப்பா